வண்டலூர் வாசலில் உன் நீலப் பை

மச்சான்,

உன் நீலப் பை இப்போது என் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நேராக வைத்தால் நிற்பதில்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட மனிதர் மாதிரி அது பாட்டுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜிப்புக்குப் பாதி வழியில் பல் போய்விட்டது. அந்த இடத்தில் நீ குத்திய ஊக்கு துருப்பிடித்து அங்கேயே இருக்கிறது. இன்று காலை அதைத் திறந்தேன். எலுமிச்சை சாதம், வெள்ளரிப்பிஞ்சு, பழைய ஜமுக்காளம், நீ தலையில் தேய்த்துக்கொள்ளும் அந்தத் தேங்காய் எண்ணெய், எல்லாம் கலந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. என் மனைவி அடுக்களையிலிருந்தே, "அதைப் பால்கனியில வைங்க, இல்லன்னா நான் வைப்பேன்" என்றாள். நான் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

செத்துப்போனவனிடம் சண்டை போடுவது நன்றாக இருக்காதுதான். ஆனால் உயிரோடு இருந்தபோது நான் திட்டியதில் ஒரு வார்த்தையைக்கூட நீ காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது மட்டும் என்ன கெட்டுப்போய்விடப் போகிறது? கேட்டுத் தொலை.

உன் தெருமுனைப் புங்கமரம் பழைய இலையை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவினாற்போலப் பளபளவென்று தளிர் விட்டிருக்கிறது. ரயில்வே குடியிருப்புப் பக்கம் அந்த மஞ்சள் பூ மரம் ஒரு இலைகூட இல்லாமல் பூத்துக் கொட்டிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் தர்பூசணிக்காரர்கள் பந்தல் போட்டுவிட்டார்கள், நுங்கு வண்டியும் வந்துவிட்டது. இதையெல்லாம் காட்டி, "வசந்தம் மச்சான், வசந்தம்!" என்று என் தோளில் அடிப்பாய். சென்னையில் எங்கேயடா வசந்தம்? காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊர் இது. மார்கழியில் ஊரே குளுகுளுவென்று, கச்சேரியும் கோலமுமாக இருக்கும்போது ஒரு விருந்தாளியும் எட்டிப் பார்க்கமாட்டான். பள்ளிக்கூடத் தேர்வு முடிந்து, சாலைத் தார் இளகத் தொடங்கும்போதுதான் உன் சொந்தக்காரர்கள் தேனியிலிருந்து மூட்டை முடிச்சோடு தாம்பரத்தில் வந்து இறங்குவார்கள்.

ஈஸ்டருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து என் சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்களையும் நீ விட்டுவைத்ததில்லை. ஆராதனை முடிந்து நாங்கள் வாசலில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் நீலப் பையோடு நிற்பாய். என் சித்தப்பா, பாவம், நாற்பது நாள் தவக்காலம் முடிந்தது, பிரியாணி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று கனவு கண்டிருப்பார். "தூக்கத்தைப் பாளையங்கோட்டைல போய்த் தூங்கிக்கலாம் மாமா. அங்க கடல் இருக்கா?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாய். அவரும் போவார். உன்னிடம் மாட்டியவர்கள் யாரும் தப்பித்ததாக எனக்கு நினைவில்லை.

உன் ஊர்சுற்றலுக்கு என்று ஒரு முறை இருந்தது. காலையிலேயே கிளம்பிவிடலாம் என்பாய். சாதம் கிளறி, டப்பாவில் அடைத்து, டப்பாவின் மூடியைக் காணாமல் தேடி, மூடி கிடைத்தவுடன் யாராவது ஒருவர் மறுபடியும் பாத்ரூமுக்குப் போய், நாம் தெருமுனையைத் தாண்டும்போது வெயில் நடு உச்சிக்கு வந்திருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், "அவசரப்பட்டா ஊரு தெரியாது மச்சான்" என்பாய். காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒரு நாளும் தாமதமாகப் போகாதவன் நான். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நீ எப்படித்தான் வேலை பார்த்தாயோ, அந்தக் கல்லூரி இன்னும் நடப்பதே ஆச்சரியம்.

அப்புறம் கடற்கரைக்குப் போகிற மின்சார ரயில். ஜன்னலோரம் முழுவதும் விருந்தாளிகளுக்கு. நடைபாதையில் நின்றுகொண்டு நீ விளக்கம் சொல்வாய். "அடுத்து குரோம்பேட்டை. தோல் பதனிட்ட ஊரு. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கங்க!" அந்தத் தொழிற்சாலை எந்தக் காலத்திலோ போய்விட்டது. இப்போது அங்கே துணிக்கடையும் பேக்கரியும்தான். ஆனால் தேனிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாமல் மொத்தமாக மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்துக் குரோம்பேட்டையில் ஏறுகிறவர்கள் தங்களைப் பார்த்துத்தான் பொத்துகிறார்கள் என்று நினைத்து முறைப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உன்னோடு வராதவன் மாதிரி நிற்பேன். நீ விடுவாயா? "மச்சான், நீ ஏன் பொத்தல?" என்று பெட்டிக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாய்.

லைட் ஹவுஸ் கதை இன்னும் மோசம். "மேல போய்த் தெக்குப் பக்கமா பாருங்க, நம்ம தாம்பரம் தெரியும். சர்ச் கோபுரம்கூடத் தெரியும்" என்று அடித்துச் சொல்லி அனுப்பினாய். நானும் ஏறினேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். தெரிந்தது வெறும் புகைமூட்டம். கீழே வந்து, "ஒரு மண்ணும் தெரியல" என்றேன். "கண்ணாடியை மாத்து" என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் தெரிந்தது என்று சொன்னார்கள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அக்கா ஒரு படி மேலே போய், உன் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியையே பார்த்துவிட்டதாகச் சொன்னார். தலையைக் கொண்டுபோய் எங்கே முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டலூர் ஜூவுக்குப் போனால் நீர்யானை. "விசில் அடிச்சா வாயைத் தொறக்கும். அப்படியே ஒரு ஆட்டோ உள்ள போகலாம்." என் சித்தப்பா அதை நம்பி, பல்செட்டோடு போராடி விசில் அடித்தார். நீர்யானை தண்ணீருக்குள்ளிருந்து காதைக்கூட ஆட்டவில்லை. காவலாளிதான் ஓடிவந்தார். "இன்னா பெரியவரே, இந்த வயசுல விசில் அட்சிகினு?" என்று அவர் கேட்க, சபையில் மூப்பராக இருக்கிற என் சித்தப்பா தலைகுனிந்து நின்றார். ஒரு வருஷம் ஜூவுக்கே வார விடுமுறை விடுகிற நாளில் எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாய். பூட்டிய கதவு. நீ கொஞ்சமாவது வெட்கப்பட்டாயா? "இந்த வாசல் வளைவே பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லி, அங்கேயே ஜமுக்காளத்தை விரித்து எலுமிச்சை சாதம் போட்டாய். அவர்கள் ஊருக்குப் போய் அதையும் ஒரு காட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள்!

எந்த இடத்துக்குப் போனாலும் பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். சாப்பாட்டுப் பை, அதோடு எல்லோருடைய செருப்பு, துண்டு, தண்ணீர். அந்த ஆள் எப்போதும் நீதான். "நான் நூறு தடவை பாத்துட்டேன், நீங்க போங்க" என்பாய். குன்றத்தூர் மலையடிவாரத்தில் செருப்புகளை அடுக்கிக்கொண்டு, "முருகனுக்கு என்னைத் தெரியும், நீங்க போய்ட்டு வாங்க" என்பாய். பொருட்காட்சியில் டெல்லி அப்பளக் கடைக்குப் பக்கத்தில். மெரினாவில் ஈரமில்லாத மணலில். நாங்கள் வெயிலில் வெந்து, கால் வலித்து, ஒருவர்மேல் ஒருவர் கடுப்பாகி வெளியே வந்தால், நீ எழுந்து நின்று, கண்ணை அகல விரித்து, "என்ன பாத்தீங்க?" என்று கேட்பாய். அதுவரைக்கும் ஒருவரோடொருவர் பேசாமல் வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். நான் மட்டும், "என்னத்தைப் பாத்தோம், மனுசங்க முதுகைத்தான் பாத்தோம்" என்பேன். நீ அதற்கும் தலையாட்டிக்கொள்வாய்.

போன மழைக்காலம் தொடங்கும் முன்னால் நீ போய்விட்டாய். காலையில் பால் வாங்கப் போனவன், திரும்பி வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் தாமதமாகக் கிளம்புகிறவன் இதற்கு மட்டும் ஏன் அப்படி அவசரப்பட்டாய் என்று அன்றைக்கே உன்னிடம் கேட்க நினைத்தேன். பெட்டியைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

உனக்கும் சாந்திக்கும் பிள்ளைகள் இல்லை. அதை நீங்கள் இருவரும் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை அந்த வீடு நிரம்பி வழியும். ஹாலில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு கூட்டம் போய் மறு கூட்டம் வரும். மீதி மாதங்களுக்கு அந்தப் பேச்சே சாந்திக்குப் போதுமானதாக இருந்தது. நீ போன பிறகு அந்த வீட்டுப் பக்கம் போனாலே குக்கர் சத்தம்கூடக் கேட்பதில்லை. ஒரு ஆளுக்கு எதற்குக் குக்கர் என்று டம்ளரில் அரிசி வைத்து வேகவைக்கிறாள்.

பங்குனி பிறந்ததும் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உன் அக்கா, அவர் மகள் மீனா, மீனாவின் மகள் யாழினி, மூவரும் வருகிறார்கள் என்றாள். முதலில் அக்கா வரமாட்டேன் என்றாராம், மீனாதான் வற்புறுத்தியிருக்கிறாள்.

"நீங்கதாண்ணா சுத்திக் காட்டணும்."

"நானா? எனக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அவங்களுக்கு இந்தத் தடவை நல்லா இருக்கணும்ணா. இல்லன்னா அடுத்த வருஷம் வரமாட்டாங்க. அக்கா வரலன்னா அப்புறம் அந்தப் பக்கத்துலேர்ந்து யாரும் வரமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "யாருமே வராத வீட்டுல எப்படிண்ணா இருக்கிறது?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். சரி என்றுதான் சொல்ல முடிந்தது.

உன்மேல் எனக்கிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, ஒழுங்காக ஒரு சுற்றுலா எப்படி இருக்க வேண்டும் என்று காட்டிவிடுவது என முடிவு செய்தேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ. குளுகுளு பெட்டி, கூட்டமில்லை, மூக்கைப் பொத்தத் தேவையில்லை. அங்கிருந்து பெரிய மால். பிறகு கண்ணாடிக்குள் மீன்கள் நீந்துகிற இடம். எல்லாவற்றுக்கும் போனிலேயே டிக்கெட் எடுத்தாயிற்று. சாப்பாடு ஓட்டலில். பையே கிடையாது. சொன்ன நேரத்துக்குக் கிளம்பினோம், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நீ கனவில்கூடச் செய்ய முடியாத காரியம்.

உன் அக்கா எஸ்கலேட்டரைப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டார். லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனேன். மாலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்தார். யாழினி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நான் இழுத்த இழுப்புக்குப் போனாள். மீனா போனில் படம் எடுத்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று நான் கேட்டதற்கெல்லாம் அக்கா, "எல்லாம் நல்லாத்தேன் இருக்கு தம்பி" என்றார். அந்தப் பதிலைவிட மோசமான பதில் ஒன்று உண்டா? ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் நோயாளி சொல்கிற பதில் அது.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: "நாளன்னிக்கு வரைக்கும் இருக்க வேண்டாம்ப்பா. நாளைக்கே கிளம்பிர்றோம். ஊரு நல்லாத்தேன் இருக்கு. அவன் இல்லாத ஊருல எனக்கு என்ன வேல?"

சாந்தி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். உள்ளே போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பின்னாலேயே வந்து, பரணிலிருந்து எடுத்த உன் நீலப் பையை என் கையில் திணித்தாள்.

"நாளைக்கு ஒரு நாள்ணா. அவர் கூட்டிட்டுப் போற மாதிரியே. அதுக்கப்புறம் போறதுன்னா போகட்டும்."

மறுநாள் வண்டலூர். எல்லாம் நீ இருந்தபோது நடப்பது போலவே நடந்தது. அதற்கு நான் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. டப்பா மூடி காணவில்லை. மூடி கிடைத்ததும் யாழினி பாத்ரூம் போனாள். நான் கத்தினேன். பஸ்ஸில் பீர்க்கன்கரணை ஏரி வந்ததும் அக்கா தானாகவே, "ஏரியில பறவ இருக்கும், பாரு பாரு" என்று யாழினியை எழுப்பினார். பறவை எங்கே, ஆகாயத்தாமரைதான் மிதந்தது. "ஆமா பாட்டி, இருக்கு" என்றாள் அந்தப் பெண். உன் வியாதி மூன்றாம் தலைமுறைக்கும் தொற்றியிருக்கிறது.

ஜூ வாசலில் சாப்பாட்டுப் பையோடு உள்ளே விடமுடியாது என்றார்கள். பை வைக்கிற அறை இருக்கிறது, அங்கே வைத்துவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சோத்தைக் கொண்டுபோய்ப் பூட்டுன அறையிலயா வைப்பாக? வெக்கையில கெட்டுப்போகும்ப்பா." மீனா என்னைப் பார்த்தாள். சாந்தி என்னைப் பார்த்தாள். யாழினி வேறு பார்த்தாள். அவர்களுக்கு வழிகாட்டியாக உள்ளே போக வேண்டும் என்று புலி எங்கே, சிங்கம் எங்கே என்று வரைபடமே பார்த்து வைத்திருந்தவன் நான். கடைசியில் என் வாயிலிருந்தே வந்தது: "சரி சரி, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்." சாந்தி, உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நால்வரும் உள்ளே போனார்கள்.

மரத்தடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் நிழல் நகர்ந்தது, நானும் பையை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். எறும்பு, ஈ, எலுமிச்சை சாத வாசனைக்கு வந்த ஒரு நாய். மனதுக்குள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா சார், இந்தப் பை அந்த சாரோடதாச்சே? ஊக்கு குத்திகீது பாரு. அவுரு எங்க?"

சொன்னேன். அவர் "அட கடவுளே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"போன வருசம்கூட என் காய் கசக்குதுன்னு சண்ட போட்டாரு சார். சண்ட போட்டுகினே முழுசா துன்னுட்டாரு."

"அவன் அப்படித்தான்" என்றேன். "உள்ள நூறு தடவை பாத்திருப்பான். இருந்தாலும் வருஷா வருஷம் வந்துடுவான்."

"உள்ளயா? அவுரு உள்ள போயி நான் பாத்ததே இல்ல சார். தோ, இந்த எடத்துலதான் குந்திகினு இருப்பாரு. வெளிய வர்றவங்கள எல்லாம் புட்ச்சி புட்ச்சி, இன்னா பாத்தீங்கோ, இன்னா பாத்தீங்கோன்னு கேட்டுகினே இருப்பாரு. தெரியாத ஆளுங்களக் கூட. ஒருநா நான்கூட கேட்டேன், நீதான் ஒருவாட்டி போயி பாரேன் சார்னு. போனா ஒரு தபாதான் பாக்கலாம்மா, இங்க குந்துனா ஊரே வந்து சொல்லுதுன்னாரு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது, மச்சான். நீர்யானையை நீ பார்த்ததே இல்லையா? உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். லைட் ஹவுஸ் மேலே நீ எங்கேயாவது என் பக்கத்தில் நின்றிருக்கிறாயா? இல்லை. ராட்டினத்தில்? இல்லை. குன்றத்தூர்ப் படியில் உன் முதுகைப் பார்த்திருக்கிறேனா? இல்லவே இல்லை. மின்சார ரயில் ஒன்றுதான் நீ உள்ளே போய்ப் பார்த்த காட்சி, அதுவும் வாசலில் உட்கார்ந்து போக முடியாது என்பதால். மற்றதெல்லாம் கேள்வி ஞானம்! சிங்கம் எந்தப் பாறையில் படுக்கும், புலி எந்தப் பக்கம் நடக்கும் என்று என் கண்ணாடியைக் குறை சொன்ன வாயால் அளந்தாயே, என் சித்தப்பாவை விசில் அடிக்க வைத்தாயே. நீ மட்டும் அங்கே உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூடையில் இருந்த அத்தனை வெள்ளரிப்பிஞ்சையும் உன் மேல் எறிந்திருப்பேன். கோபத்தில் ஒன்றை வாங்கிக் கடித்தேன். கசந்தது. அதில் மட்டும் நீ பொய் சொல்லவில்லை.

பசி காதை அடைக்கும் நேரத்தில் அவர்கள் வெளியே வந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு. நான் எழுந்து, "எவ்வளவு நேரம்? சாதம் இந்நேரம் ஊசிப்போயிருக்கும்" என்று எரிந்து விழுந்தேன். யாரும் உட்காரவில்லை. அக்கா எனக்கு எதிரே நின்று பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாழினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, எதையோ வாய்க்குள் அடக்கி வைத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

"என்ன, எல்லாரும் நிக்கிறீங்க? உக்காருங்க."

மீனாதான் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, கேளுங்க மாமா."

"என்னத்தைக் கேக்க?"

"அவன் கேப்பான்ல தம்பி" என்றார் அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தேன். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அது நனையவில்லை. அன்றைக்கு வண்டி பிடிப்பது, பந்தல்காரனைக் கூப்பிடுவது என்று வேலை இருந்தது. இங்கே ஒரு வேலையும் இல்லை, அந்த ஒரு கேள்வியைத் தவிர. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன பாத்தீங்க?"

அவ்வளவுதான். யாழினி அடைமழை மாதிரி ஆரம்பித்தாள். புலி இவளையே பார்த்ததாம். யானை இவளுக்கு மட்டும் தும்பிக்கையைத் தூக்கியதாம். மீனா, குரங்கு ஒன்று யாரோ ஒருவரின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சாந்திகூட, "அந்த நெருப்புக்கோழி நம்ம பக்கத்து வீட்டு மாமி மாதிரியே நடக்குதுண்ணா" என்றாள். நீ போனபிறகு சாந்தி ஒரு வேடிக்கை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியாக அக்கா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"இவ விசில் அடிச்சா தம்பி. அந்த நீர்யானை தலையத் தூக்கி, வாயத் தொறந்துச்சு பாரு! ஆத்தாடி! மொத மொத நான் வந்தப்போ எனக்குத் தொறந்துச்சே, அதே மாதிரி. அன்னிக்கு அவன்கிட்ட வந்து சொன்னேன், நம்பவே மாட்டேன்னான். மூணு தடவ கேட்டான்."

யாழினி பாட்டியை ஒரு கணம் திகைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா தாத்தா, தொறந்துச்சு. ஆட்டோவே போகலாம்" என்றாள்.

அந்தப் பொய்யின் ஊற்று எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் அக்கா உனக்குச் சொன்னதை நீ ஊருக்கெல்லாம் சொல்லி, ஊர் மறுபடியும் உன்னிடம் வந்து சொல்லி, இப்போது என்னிடம் வந்து நிற்கிறது. ஒருத்தராவது உண்மையைச் சொல்லித் தொலைத்தீர்களா? "நிஜமாவா? எவ்வளவு பெரிசா தொறந்துச்சு?" என்று நானும் கேட்டேன். எனக்கும் தொற்றிவிட்டது, வேறு என்ன சொல்ல!

ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தோம். சாதம் ஊசவில்லை. அக்கா ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டே, "அடுத்த வருஷம் லைட் ஹவுஸுக்குக் கூட்டிட்டுப் போப்பா. தாம்பரம் தெரியுறத இவ இன்னும் பாக்கல" என்றார். நாளைக்கே கிளம்பும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. சாந்தி உடனே என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள். போதும் என்றேன். அவள் காதில் அது விழவில்லை. இன்னொரு கரண்டியும் வைத்தாள்.

சித்திரை பிறந்து, மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டுத்தான் அவர்கள் கிளம்பினார்கள். வழியனுப்பிவிட்டு வந்து பையைச் சாந்தியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. அடுத்த வருஷம் தூக்கணும்ல" என்றாள். இப்படித்தான் இது என் சோபாவுக்கு வந்து சேர்ந்தது. ஜிப்பை மாற்றச் சொல்லித் தையல்காரரிடம் கொடுக்கலாம் என்று எடுத்தேன். அந்த ஊக்கைக் கழற்ற மனம் வரவில்லை. அடுத்த பங்குனியில் ரயிலில் குரோம்பேட்டை வரும்போது நான் மூக்கைப் பொத்திக்கொள்ளப் போகிறேன் என்பதும் எனக்கு இப்போதே தெரிகிறது. நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. எந்த வாசலுக்குப் போனாலும் நீங்க போங்க, நீங்க போங்க என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்தவன் நீ. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும், யாரிடமும் சொல்லாமல், எங்களையெல்லாம் வெளியே விட்டுவிட்டு முதல் ஆளாக உள்ளே போய்விட்டாய். பையை என் தலையில் கட்டிவிட்டாய். நிழல் நகர நகர நானும் இதை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரமடா? வெளியே வந்து சொல்லித் தொலை.

என்ன பாத்தே?